இரத்தம் குடிப்பவர் யார்? ‘டிராகுலா’வைப் பேரரசின் கதையாக வாசிக்கும் ஒரு கட்டுரை குறித்து

தகடூர் வாசகி (தருமபுரி) எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். தருமபுரியில் நாங்கள் ஒன்பது பேர் மாதம் ஒருமுறை கூடி நடத்தும் வாசிப்பு வட்டத்தில், பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை நான்கு கூட்டங்களாகப் படித்து முடித்தோம். கிழக்கு ஐரோப்பாவின் டிரான்சில்வேனியா மலையில் ஒரு கோட்டையில் வாழும், மனித இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு, ஹார்க்கர் என்ற இளம் ஆங்கில வழக்கறிஞனை அங்கே வரவழைத்து, லண்டனில் வீடு வாங்கிக் குடியேறுவதும், ஒரு சிறு கூட்டம் அவரை வேட்டையாடுவதும்தான் 1897-இல் வந்த அந்த நாவலின் கதை. ஐந்தாவது கூட்டத்திற்கு, அந்த நாவலைப் பற்றி ஸ்டீபன் அராட்டா 1990-இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டோம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய பேச்சு, பாலக்கோட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்துக்கு நண்பர்கள் எழுந்து ஓடும்வரை நடந்தும் முடிவுக்கு வரவில்லை. அதனால் அதை இங்கே தொடர விரும்புகிறேன்.

கட்டுரையின் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் பெரும்பகுதியை இங்கிலாந்து ஆண்டுகொண்டிருந்தபோதே, தான் பிறருக்குச் செய்தது ஒருநாள் தன் வாசலுக்கே வந்துவிடும் என்ற அச்சம் அந்நாட்டுக் கதைகளில் பரவியிருந்தது. கிழக்கிலிருந்து ஒருவன் வருவான், நம் மொழியையும் சட்டத்தையும் கற்பான், நம் மண்ணை விலைக்கு வாங்குவான், நம் பெண்களைத் தன் இனமாக மாற்றுவான் என்ற அந்த அச்சத்தை அராட்டா ‘தலைகீழ்க் காலனியாக்கம்’ என்று அழைக்கிறார். அந்த அச்சத்தில் குற்றவுணர்வும் கலந்திருக்கிறது என்பதும், டிராகுலாவின் செயல்களில் ஆங்கிலேயர் தம்முடைய செயல்களையே அடையாளம் கண்டு நடுங்குகிறார்கள் என்பதும் அவருடைய வாதத்தின் மையம்.

இதைப் படித்த பிறகு நாவலின் தொடக்கப் பகுதிக்குத் திரும்பிச் சென்றபோது, முதல் வாசிப்பில் நான் வேகமாகக் கடந்துபோன ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கோட்டையிலுள்ள நூலகத்தில் ஹார்க்கர் என்ன பார்க்கிறான் என்று கவனியுங்கள். இங்கிலாந்தின் வரலாறு, புவியியல், அரசியல், பொருளியல், சட்டம் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு லண்டன் முகவரிப் புத்தகமும், தரைப்படை, கடற்படை அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல்களும், வழக்கறிஞர் பட்டியலும் இருக்கின்றன. மற்றொரு நாள் பிரபு சாய்ந்துகொண்டு ஆங்கில ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டைக் கைப்பற்றப் போகிறவன் முதலில் அதன் கணக்குகளையும் பட்டியல்களையும் படிப்பான் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததும், கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே செய்த முதல் வேலை நிலத்தை அளந்ததும், விளைச்சலை எழுதியதும், ஊர்க்கணக்குகளைத் திரட்டியதும்தான். அந்த நூலக அறையை எழுதிய ஸ்டோக்கர், பேரரசு செய்யும் வேலையின் உள்விவரத்தை அறிந்தவர். டப்ளினில் பிறந்து, அங்கிருந்த ஆங்கில ஆட்சியின் தலைமையிடத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர் அவர்.

வேறோர் இடமும் உண்டு. ஹார்க்கர் பயணத்தில் அணிந்துவந்த உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்குகிறார். ஊரில் நடக்கும் கொடுமைகளை அந்த உடையில் இருப்பவன்தான் செய்தான் என்று மக்கள் நம்புவார்கள் என்பது ஹார்க்கருக்குப் புரிகிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி வாசலில் நின்று ஹார்க்கரைப் பார்த்தே அலறுகிறாள். அவளுடைய கண்ணுக்கு இருவரும் ஒருவரே. அராட்டாவின் வாதத்திற்கு இதைவிட வலுவான சான்று நாவலில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

எனக்குள்ள ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. டிரான்சில்வேனியா ஆங்கிலேயரின் காலனி அன்று. 1897-இல் அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பகுதியாக இருந்தது. ஸ்டோக்கர் அங்கே ஒருமுறைகூடச் சென்றதில்லை. எமிலி ஜெரார்டு 1885-இல் எழுதிய நாட்டார் நம்பிக்கைக் கட்டுரை போன்றவற்றைப் படித்தே அந்த மலைகளைக் கட்டினார். அப்படியிருக்க, அந்த நிலத்தை இந்தியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ நேர் நிகராக வைத்துப் படிப்பது எவ்வளவு தூரம் தாங்கும்? கட்டுரையை ஏற்பதா மறுப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தும் நோக்கம் எனக்கு இல்லை. எந்த இடம்வரை அது நம்மை அழைத்துச் செல்கிறது, எங்கே கைவிடுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.


நூலகத்து மேசை (கிருஷ்ணகிரி) எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியைவிடக் கடுமையான ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்நியனைப் பற்றிய அச்சமே இந்த நாவலின் உயிர் என்றால், பிரபுவை வேட்டையாடும் கூட்டத்தில் இரண்டு அந்நியர்கள் ஏன் இருக்கிறார்கள்? வான் ஹெல்சிங் ஆலந்துக்காரர், அவருடைய ஆங்கிலம் தடுமாறுகிறது. குவின்சி மோரிஸ் டெக்சாஸிலிருந்து வந்த அமெரிக்கர். பிரபுவிடம் சிக்கிய லூசி என்ற பெண்ணுக்கு இரத்தம் குறைந்தபோது, அவளைக் காக்க முயலும் ஆங்கிலேயர்களான ஆர்தர், செவார்ட், அவர்களோடு வான் ஹெல்சிங், மோரிஸ் ஆகிய நால்வரின் இரத்தமும் அடுத்தடுத்து அவளுக்கு ஏற்றப்படுகிறது. ஆலந்து இரத்தத்தையும் அமெரிக்க இரத்தத்தையும் ஓர் ஆங்கிலப் பெண்ணின் உடலில் செலுத்துவதில் ஆசிரியருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்படியானால் ‘அயலார் அச்சம்’ என்ற பொதுச்சொல் இங்கே போதாது.

இந்த நாவலில் பேரரசைக் காட்டிலும் பழைய அச்சங்கள் பல இருக்கின்றன. நோயைப் பற்றிய அச்சமும், புதைத்தவர் மீண்டுவிடுவாரோ என்ற அச்சமும், பெண்ணின் விருப்பம் கட்டுக்குள் நிற்காதோ என்ற அச்சமும் எந்த ஆட்சி வருவதற்கும் முன்பே மனிதரிடம் இருந்தவை. 1980-களில் எழுந்த காலனிய ஆய்வு, கையில் கிடைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள் அனைத்தையும் ஒரே திறவுகோலால் திறக்க முயன்றது என்ற குறை எனக்கு உண்டு. நான் முப்பது ஆண்டுகளாக நூலகப் பணியில் இருந்தவன். ஒரே விளக்கத்திற்குள் அடங்கிப்போன நூலை அதன்பின் யாரும் எடுத்துப் படிப்பதில்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.


தகடூர் வாசகி எழுதியது:

ஐயா, உங்கள் மறுப்பு நியாயமானது. ஆனால் அதுவே கட்டுரையை இன்னும் கூர்மையாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலந்துக்காரரும் அமெரிக்கரும் அந்தக் கதையில் அந்நியராக நடத்தப்படாததற்குக் காரணம், நாவல் போடும் கோடு நாட்டெல்லையில் போடப்படவில்லை என்பதுதான். முதல் பக்கத்திலேயே, புடாபெஸ்டைத் தாண்டும்போது, மேற்கை விட்டுக் கிழக்கிற்குள் நுழைவதாக ஹார்க்கர் எழுதுகிறான். கிழக்கே போகப் போக ரயில்கள் நேரத்திற்கு வருவதில்லை என்று குறைபட்டு, சீனாவில் எப்படி இருக்குமோ என்று கேட்டுக்கொள்கிறான். ஆலந்துக்கு ஜாவா இருந்தது, அமெரிக்கருக்கு டெக்சாஸ் இருந்தது. வேட்டைக்காரர் அனைவரும் ஆண்டவர்களின் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஆயுதத்தையும் பாருங்கள். கடைசிக் காட்சியில் பிரபுவின் கழுத்தை அறுக்கும் ஹார்க்கரின் கத்தி, கூர்க்காப் படையினரின் குக்ரி. நெஞ்சில் இறங்குவது மோரிஸின் அமெரிக்க எல்லைப்புறக் கத்தி. மரமுளையால் அடித்துக் கொல்லப்படுவான் என்று காத்திருந்த வாசகருக்கு, ஆசிரியர் இரண்டு படையெடுப்புகளின் கத்திகளைக் காட்டுகிறார். நேபாளத்து மலைமக்களின் கத்தி ஆங்கில வழக்கறிஞன் ஒருவனின் கைக்கு எப்படி வந்தது என்று நாவலில் யாரும் கேட்பதில்லை. அது கேட்கத் தேவையில்லாத அளவுக்கு இயல்பாகிவிட்டிருந்தது.

நோயையும் பெண்ணுடலையும் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. பேரரசின் அச்சம் அவற்றை அழித்துவிட்டு அங்கே உட்காரவில்லை, அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.


பாரூர் ஏரிக்கரை (கிருஷ்ணகிரி மாவட்டம்) எழுதியது:

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஓர் ஆவணத்தை இந்த விவாதத்தில் வைக்க விரும்புகிறேன். 1875-இல் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த சாலிஸ்பரி பிரபு, வரிவிதிப்பைப் பற்றிய ஒரு குறிப்பில், இந்தியாவிலிருந்து இரத்தம் எடுக்கத்தான் வேண்டும் என்பதால், இரத்தம் தேங்கியிருக்கும் இடத்திலோ போதுமான அளவு உள்ள இடத்திலோ கத்தியை வைக்க வேண்டும், ஏற்கெனவே சோர்ந்துபோன உறுப்பில் வைக்கக் கூடாது என்ற பொருளில் எழுதினார். சோர்ந்துபோன உறுப்பு என்று அவர் குறித்தது உழவரை. இந்த உருவகத்தை அவர் மருத்துவத்திலிருந்து எடுத்தார். அடுத்த ஆண்டே தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம், அன்று நம் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ஆங்கில அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி அந்தப் பஞ்சத்தில் வந்ததுதான்.

அந்தக் குறிப்பை ஆங்கிலேயரின் முகத்திற்கு நேரே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியவர் தாதாபாய் நவுரோஜி. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் வெளியேறுவதை அவர் இரத்தப்போக்கு என்றே எழுதினார். இதில் நான் நெடுநேரம் நின்று யோசித்த செய்தி ஒன்று உண்டு. ‘டிராகுலா’ 1897 மே மாதம் வெளிவந்தபோது இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் அதே சாலிஸ்பரி. அடுத்த மாதம் விக்டோரியாவின் ஆட்சி அறுபதாம் ஆண்டு விழா லண்டன் தெருக்களில் நடந்தது. இந்தியாவில் அப்போது மீண்டும் பஞ்சம். நவுரோஜியோ 1892 முதல் 1895 வரை லண்டனின் ஒரு தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர். கிழக்கிலிருந்து வந்து, ஆங்கிலம் கற்று, அந்நாட்டுச் சட்டத்தையும் கணக்கையும் அந்நாட்டாரைவிட நன்றாகப் படித்து, லண்டனில் குடியிருந்த ஓர் உண்மை மனிதர் அவர். 1888-இல் ஒரு கூட்டத்தில் இதே சாலிஸ்பரி அவரைக் ‘கறுப்பு மனிதர்’ என்று குறிப்பிட்டு, அப்படி ஒருவரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டதா என்று ஐயப்பட்டார்.

ஸ்டோக்கர் இவற்றை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. நான் சொல்வது அராட்டாவின் கட்டுரையில் எனக்குள்ள குறையை. அவர் ஆங்கிலேயரின் அச்சத்தையும் குற்றவுணர்வையும் மிக நுட்பமாகப் படிக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரை முழுவதும் பேசுகிறவர்கள் ஆங்கிலேயரே. இரத்தம் கொடுத்த பக்கத்தில் இருந்தவர்கள் அதே ஆண்டுகளில், அதே உருவகத்தில், அச்சேற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைக்காமல் குற்றவுணர்வை மட்டும் ஆராய்ந்தால், குற்றம் செய்தவரின் மனவேதனையே கதையின் மையமாக நின்றுவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியில் எழுதப்பட்ட நூல் ஒன்று உண்டு. லூயிஸ் வைட் என்ற வரலாற்றாசிரியர், காலனிய ஆட்சிக்கால ஆப்பிரிக்காவில் மக்களிடையே உலவிய வதந்திகளைத் திரட்டி 2000-இல் வெளியிட்டார். தீயணைப்பு வண்டியில் வருகிறவர்கள் ஆட்களைப் பிடித்து இரத்தம் எடுக்கிறார்கள் என்று நைரோபியிலும் உகாண்டாவிலும் மக்கள் பேசிக்கொண்டார்கள். அதை அறியாமை என்று ஒதுக்காமல், கூலி வேலையையும் மருத்துவப் பரிசோதனையையும் காவல்துறையையும் மக்கள் தம் அனுபவத்திலிருந்து விளக்கிக்கொண்ட மொழியாக அவர் படிக்கிறார். அங்கே இரத்தம் குடிப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை தெளிவாக இருக்கிறது.


ஒசூர் இரவு ஷிப்ட் எழுதியது:

ஐயா எழுதியதை வேலை முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன். நான் பதினோரு ஆண்டுகளாக ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். எங்கள் வரிசை வீட்டில் ஆறு குடித்தனம், அவற்றில் இரண்டில் வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் கும்பல் ஒன்று வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அந்த வாரம் எங்கள் தெருவில் நடந்ததை மறக்க முடியவில்லை. பக்கத்து அறைப் பையன் ஒருவன் கடையில் பிஸ்கட் வாங்கி, தினமும் பழகும் ஒரு குழந்தைக்கு வழக்கம்போல நீட்டினான். தெருவே எழுந்துவிட்டது. நாங்கள் நான்கு பேர் குறுக்கே நின்றதால் அடி விழாமல் முடிந்தது. அன்றிரவு அவன் அறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் முதல் தெருவில் பேசும்போது தமிழ்ச் சொற்களை மட்டும் பேச முயன்றான். ‘டிராகுலா’வில் பிரபு ஹார்க்கரிடம் சொல்வார், தான் பேசுவதைக் கேட்டு யாரும் நின்று ‘அந்நியன்’ என்று சொல்லாதபடி தனக்கு ஆங்கிலம் பழக வேண்டும் என்று. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வந்தது. பிரபுவின் மீது இரக்கமும் வந்தது.

ஆனால் அந்த இரக்கமே எனக்கு ஒரு கேள்வியாகிவிட்டது. டிராகுலாவை வந்தேறித் தொழிலாளியின் உருவமாகப் படிக்கும் வாசிப்பு இப்போது பரவலாக இருக்கிறது. அது நல்லெண்ணத்தில் பிறந்தது. இருந்தாலும் நாவலில் பிரபு என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் பெருநிலக்கிழார். வழக்கறிஞர் அலுவலகம் வழியாக வீடுகள் வாங்குகிறார். லண்டனின் பிக்காடில்லி பகுதியில் அவர் வாங்கிய வீட்டில் ஹார்க்கர் கத்தியை வீசும்போது அவருடைய கோட்டு கிழிந்து, கொட்டுவது நோட்டுக்கட்டும் தங்கக் காசுகளும். தப்பி ஓடும் அவசரத்திலும் தரையில் கிடந்த காசை ஒரு கை அள்ளிக்கொண்டுதான் சன்னல் வழியாகக் குதிக்கிறார். தான் படுப்பதற்காகத் தன் ஊர் மண்ணை நிரப்பி அவர் லண்டனுக்கு அனுப்பிய ஐம்பது பெட்டிகளைத் தூக்கியவர்கள் யார்? அங்கே நாடோடிகளும் சுலோவாக்கியரும், லண்டனில் வண்டிக்காரரும் சுமைத் தொழிலாளரும். அவர்களிடமிருந்து செய்தி கறக்க ஹார்க்கர் குடிக்கக் காசு கொடுக்கிறான், அவர்களுடைய தாகத்தை எழுதுகிறானே தவிர அவர்களுடைய முதுகை எழுதுவதில்லை. பெட்டியின் எடையைச் சுமந்தவனுக்குத்தான் தெரியும். உண்மையான வந்தேறித் தொழிலாளி இந்த நாவலில் பெட்டிக்குள் இல்லை, பெட்டிக்கு அடியில் இருக்கிறான். உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை வாம்பயர், அதாவது இரத்தம் குடிக்கும் பேய், என்று மார்க்ஸ் 1867-இலேயே எழுதிவிட்டார். இனத்தை மட்டும் பார்த்துக் கூலியை விட்டுவிட்டால், முதலாளியையும் அவன் ஏவும் ஆளையும் ஒரே முகமாக்கிவிடுவோம். கட்டுரையின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.


மலைச்சாரல் (பென்னாகரம்) எழுதியது:

இந்த இழையில் ஒசூர்த் தோழர் மட்டும் ‘வாம்பயர்’ என்று எழுதியிருக்கிறார். மற்றவர்கள் அந்தச் சொல்லையே தவிர்த்திருக்கிறீர்கள். வாசிப்பு வட்டத்தின் சுற்றறிக்கையிலோ ‘இரத்தக்காட்டேரி இலக்கியம்’ என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த நாள் முதல் எனக்கு நெஞ்சு உறுத்திக்கொண்டிருக்கிறது. என் தாய்வழிக் குலதெய்வம் காட்டேரி.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் காட்டேரிக்குக் கோயில் கிடையாது. ஓடைக்கரையில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள்தான் உண்டு. வீட்டில் ஒரு பெண் உண்டானால், ஏழாம் மாதத்திற்குள் அங்கே சென்று படையல் போட்டாக வேண்டும். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்ட பண்டம் எதுவாயினும் அது, எல்லாம் வைக்கப்படும். படைத்ததை அங்கேயே தின்று கைகழுவிவிட வேண்டும், ஒரு பருக்கையும் வீட்டுப்படி ஏறக்கூடாது. வயிற்றுப் பிள்ளையை அவள் காப்பாள் என்று என் அம்மாவும் அவருடைய அம்மாவும் நம்பினார்கள். என் மகள் வயிற்றில் இருந்தபோது நானும் அந்தக் கற்களின் முன் உட்கார்ந்து உண்டேன். அவள் அச்சமூட்டுகிறவள்தான், கேட்டதைக் கொடுக்காவிட்டால் கோபப்படுகிறவள்தான். ஆயினும் எங்களுக்கு அவள் ‘காட்டேரியம்மா’.

இப்போது அராட்டாவிடம் வருகிறேன். கிழக்கின் நம்பிக்கைகளை மேற்கின் பேய்க்கதைக்குள் இழுத்துக்கொள்வதும் பேரரசின் ஒரு வேலைதானே? 1870-இல் ஆங்கிலப் பயணியும் மொழிபெயர்ப்பாளருமான ரிச்சர்டு பர்ட்டன், நாம் சிறுவயதில் கேட்ட விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளில் பதினொன்றை ஆங்கிலத்தில் திரித்து எழுதியபோது, வேதாளத்தை ‘வாம்பயர்’ என்று தலைப்பிலேயே போட்டார். முருங்கை மரத்தில் தொங்கும் நம் வேதாளம் இரத்தமா குடித்தது? கதை சொல்லி, தீர்ப்புக் கேட்டு, பதில் தெரிந்தும் மௌனமாக இருந்தால் தலை வெடிக்கும் என்று எச்சரித்தது. அரசனுக்கு நீதி கற்பித்த ஒன்றை அவர் பிணந்தின்னியாக்கினார். அந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் சந்தித்து, அவருடைய கோரைப்பல் ஒளிர்ந்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வான் ஹெல்சிங் தன் நீண்ட உரையில் வாம்பயர் உள்ள நாடுகளை எண்ணும்போது இந்தியாவையும் சேர்த்துக்கொள்கிறார்.

பர்ட்டன் வேதாளத்திற்குச் செய்ததை நாம் காட்டேரிக்குச் செய்துவிட்டோம். டிரான்சில்வேனியக் கோட்டைப் பிரபுவுக்குத் தமிழில் பெயர் தேடிய மொழிபெயர்ப்பாளர்கள், ஓடைக்கரையில் ஏழைப் பெண்கள் கும்பிட்ட ஒரு தாயின் பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். பெருந்தெய்வம் ஒன்றின் பெயரை அப்படி எடுத்திருப்பார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் அவளை கயானாவரை கொண்டு சென்றார்கள், அங்கே இன்றும் அவளுக்குப் பூசை நடக்கிறது. கடல் தாண்டியும் அவள் தாயாகவே இருக்கிறாள், இங்கே நம் பத்திரிகைகளில் அவள் இரத்தம் குடிக்கிறாள்.


நூலகத்து மேசை எழுதியது:

தங்கையே, சுற்றறிக்கைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவன் நான். உங்கள் பதிவைப் படித்த பின் அதற்காக வருந்துகிறேன்.

அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நம் மொழியிலேயே இரத்தமும் பேரரசும் சேர்ந்த ஒரு நூல் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில், குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்த களத்தில், பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. பற்களை அரிசியாகக் குற்றி, குருதியை உலைநீராக்கிக் காய்ச்சி, பசியாறிய பேய்கள் வென்ற வேந்தனை வாழ்த்திப் பாடுகின்றன. அங்கே குற்றவுணர்வின் சாயல்கூட இல்லை. தோற்ற கலிங்கத்தார் பேயாகத் திரும்பி வருவார்கள் என்ற அச்சமும் செயங்கொண்டாருக்கு இல்லை. ஆகவே பேரரசு இருந்த இடமெல்லாம் ‘தலைகீழ்’ அச்சம் தானாகப் பிறக்கும் என்று நாம் பொதுவிதி செய்துவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பிறந்ததற்கு அந்தக் காலத்திற்கே உரிய காரணங்களைத் தேட வேண்டும். இனம் தேய்ந்துபோகிறது என்ற பேச்சும், குற்றவாளியை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்ற லொம்ப்ரோசோவின் கொள்கையும் அக்காலத்தவை. ஹார்க்கரின் மனைவி மினாவே லொம்ப்ரோசோவின் பெயரைச் சொல்லிப் பிரபுவைக் குற்றவாளி இனத்தவன் என்கிறாள். இந்த அளவில் அராட்டாவின் வாசிப்பை நான் இப்போது ஏற்கிறேன்.

ஆனால் நிறத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பிரபு வெளிறிய தோல் உடையவர். இனத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், கறுப்புத் தோல் எங்கே?


தகடூர் வாசகி எழுதியது:

ஐயா கேட்டதற்கு விடை ‘டிராகுலா’வுக்கு வெளியே இருக்கிறது. ஒரே நாவலில் நின்றுவிட்டதால் அராட்டாவின் வாதம் நிறத்தை ஓரமாகத்தான் தொட முடிந்தது.

லெ ஃபானு எழுதிய, கார்மில்லா என்ற பெண் வாம்பயரின் கதையான ‘கார்மில்லா’ 1872-இல் நூலில் வந்தது. கார்மில்லாவைக் கொண்டுவந்து விடும் வண்டி கவிழ்ந்து நிமிர்த்தப்படும்போது, உள்ளே ஒரு கறுப்புப் பெண் வண்ணத் தலைப்பாகையுடன் அமர்ந்திருப்பதை வீட்டு ஆசிரியைகளில் ஒருவர் பார்க்கிறார். கண்கள் மின்ன, பற்களைக் கடித்தபடி அவள் தலையாட்டினாள் என்று அருவருப்புடன் சொல்கிறார். வண்டி போய்விடுகிறது. கதை முடியும்வரை அந்தப் பெண் யார், எங்கிருந்து வந்தாள் என்று ஒரு சொல்லும் இல்லை. கதைக்கு அவள் தேவையே இல்லை, அச்சமூட்டும் நிறமாக மட்டும் அவள் சன்னலில் வைக்கப்பட்டிருக்கிறாள். எத்தனையோ முறை அந்தக் கதையைப் படித்தும் நான் அவளைக் கவனித்தது இந்த மாதம்தான்.

‘டிராகுலா’ வந்த அதே 1897-இல் ஃபுளோரன்ஸ் மாரியட் எழுதிய ‘வாம்பயரின் இரத்தம்’ என்ற நாவலும் வந்தது. அதன் நாயகி ஹாரியட் பிராண்டு ஜமைக்காவில் பிறந்த கலப்பினப் பெண். அவள் யாரையும் கடிப்பதில்லை. அவள் அன்பு வைக்கிறவர்கள் மெலிந்து சாகிறார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. மருத்துவர் ஒருவர் இதற்குக் காரணம் அவளுடைய இரத்தம் என்கிறார். அடிமையாக இருந்த அவளுடைய பாட்டியை, கருவுற்றிருந்தபோது வௌவால் கடித்ததாம். இந்த நாவலில் நான் நெடுநேரம் நின்ற இடம் அதன் முடிவு. அன்பு செலுத்திய கணவனும் இறந்துவிட, ஹாரியட் தற்கொலை செய்துகொள்கிறாள். தன் சொத்து முழுவதையும் ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கு எழுதிவைத்துவிட்டுச் சாகிறாள். அந்தச் சொத்து ஜமைக்காத் தோட்டத்தில், அடிமை வழிவந்தவர்களின் உழைப்பில் விளைந்தது. பாரூர் ஐயாவும் ஒசூர்த் தம்பியும் கேட்ட கேள்வி அந்தக் கடைசிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: உறிஞ்சுகிறவள் என்ற பெயர் அவளுக்கு, உறிஞ்சிய பணம் ஆங்கிலக் குடும்பத்திற்கு. மாரியட் இதை உணர்ந்து எழுதினாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஹாரியட்டை அவர் வெறுக்கவில்லை என்பது ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிகிறது. அவளுடைய தனிமையை அவர் எழுதிய விதம் என்னைக் கலங்க வைத்தது.

மறுபக்கத்திலிருந்து எழுதப்பட்டதும் உண்டு. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 2005-இல் எழுதிய ‘ஃபிளெட்ஜ்லிங்’ நாவலில், ஷோரி என்ற வாம்பயர்ச் சிறுமியின் கறுப்புத் தோலே அவளுக்குப் பகலில் வாழும் ஆற்றலைக் கொடுக்கிறது. அவளுடைய இனத்தவரில் சிலர் அதற்காகவே அவளை வெறுத்து, அவள் குடும்பத்தை எரிக்கிறார்கள். அராட்டா கட்டுரை எழுதிய பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த நாவல் அது. அதைப் படித்த பிறகு அவருடைய கட்டுரை தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டின் ஒரே சன்னலிலிருந்து பார்த்து, பார்த்ததைச் சரியாக எழுதியிருக்கிறார் என்றே தோன்றுகிறது.

அடுத்த கூட்டத்திற்கு மாரியட்டின் நாவலை எடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஆறு அத்தியாயங்களை அச்செடுத்து வைக்கிறேன்.


ஒசூர் இரவு ஷிப்ட் எழுதியது:

அக்கா, இரண்டாவது ஞாயிறு என்றால் எனக்கு வார விடுமுறை. பக்கத்து அறைத் தம்பியையும் அழைத்து வரலாமா? அவன் இந்தியில் பேய்க்கதைகள் நிறையப் படிப்பவன். அவனுடைய ஊரில் இரத்தம் குடிப்பவளை ‘சுடைல்’ என்கிறார்களாம், பிரசவத்தில் இறந்த பெண்ணே அப்படி ஆவாள் என்று சொன்னான். மலைச்சாரல் அக்காவிடம் அவன் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.


மலைச்சாரல் எழுதியது:

கட்டாயம் அழைத்து வாருங்கள் தம்பி. பிள்ளை பெறும்போது செத்தவள் அங்கே பேயாகிறாள், பிள்ளையைக் காப்பவள் இங்கே பேயாக்கப்பட்டாள் என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியே ஆக வேண்டும். நூலகத்து ஐயா, அடுத்த சுற்றறிக்கையில் ‘வாம்பயர்’ என்றே போட்டுவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.